ஒப்பாரியில் வைத்த வழக்கு

எங்கள் தெருவில் ஒரு பெண் தன் கூடப்பிறந்தவனை நாலு பேர் முன்னால் வைத்துக் கேள்வி கேட்க வேண்டுமென்றால், யாராவது செத்திருக்க வேண்டும். மற்ற நாளில் கேட்டால் வாயாடி. எழவு வீட்டில் கேட்டால் ஒப்பாரி. சொல்லும் அதேதான், கேட்கிற ஆட்களும் அவர்களேதான். ஆனால் ஒப்பாரிக்குக் குறுக்கே பேச எவனுக்கும் உரிமை கிடையாது. வாய்மொழி மரபு என்றதும் பழம்பாட்டு, பாட்டி கதை, பண்பாட்டுச் செல்வம் என்று மேடையில் அடுக்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். யார் யாரிடம் எதை எப்போது பேசலாம் என்கிற சட்டமாகத்தான் எங்கள் ஊரில் அது இருந்தது. செல்வம் என்று அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஊர் குறிஞ்சிப்பாடி. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் ரயிலில் வடலூருக்கு முன்னால் வரும். கைலிக்குப் பேர்போன ஊர். நான் பிறந்தது தறிக்காரத் தெருவில். ஆண்கள் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்வார்கள். பெண்கள் திண்ணையில் ராட்டை வைத்துத் தார் சுற்றுவார்கள். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டிக் கஞ்சி போடும் வேலை நடக்கும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் ஒரு வீட்டுப் பாவுக்குப் பத்து வீட்டு ஆள் வந்து நிற்கும். இரண்டு பக்கமும் நின்று, அறுந்த இழையை முடிபோட்டுக்கொண்டே நகர்வார்கள். ஒரு முனையில் கிளம்பிய பேச்சு மறுமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் ரெண்டு மூன்று பேர் கைவைத்து வேறு கதையாக ஆக்கியிருப்பார்கள். கைக்கும் காலுக்கும் ஓயாத வேலை, வாய் மட்டும் சும்மா. கதை பிழைக்க இதைவிட நல்ல தொழில் உண்டா?

ஐப்பசி கார்த்திகை மழையில் பாவு காயாது, தறிக்குழியில் தண்ணீர் ஊறும். அந்த நாட்களில் எங்கள் வீட்டுப் பெண்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு விதை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிக்கப் போவார்கள். படிக்கு இவ்வளவு என்று கூலி. போகிற இடத்தில் விடுகதை போட்டி நடக்கும். விடை சொல்லத் தெரியாதவள் தான் உரித்ததில் ஒரு கை அள்ளி, விடுகதை போட்டவள் முறத்தில் போட வேண்டும். என் ஆயா அந்தக் காலத்தில் தன் கையால் உரித்ததைவிட வாயால் உரித்தது அதிகம் என்று தெருவில் சொல்வார்கள்.

அந்த ஆயா செத்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். அத்தையைச் சிதம்பரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. ஆள் போய்ச் சொல்லி, அவள் பஸ் பிடித்து வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. தெருமுனையிலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டாள். வாசலுக்கு வருவதற்குள் நெஞ்சில் அடித்துக்கொண்டு குரலெடுத்துவிட்டாள். உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு, தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்தார்கள். முதலில் வந்தது எல்லா வீட்டிலும் பாடுவதுதான்: தங்கத் தேர், முத்துப் பந்தல், பவளத் திண்ணை. ஓட்டு வீட்டில் ஒற்றைத் தறி வைத்துப் பிழைத்த கிழவிக்கு அத்தை அரண்மனை கட்டினாள். ஒப்பாரியில் எந்தக் கிழவிக்கும் அரண்மனை உண்டு. அதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை.

பிறகு, ராகம் மாறாமல், இழுப்பு மாறாமல், அந்த அரண்மனை மெல்ல எங்கள் வீடாக ஆனது. தன் மகள் வயசுக்கு வந்தபோது தாய்வீட்டுச் சீர் வருமென்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது வந்தது. சீர்த்தட்டு வராத பந்தலில் மாமியார்க்காரி கேட்ட கேள்வி வந்தது. அம்மா தனக்கென்று சொல்லி வைத்திருந்த கல்தோடு எந்தப் பெட்டியில் இருக்கிறது, பெட்டிச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதும் வந்தது. சாவி என் அம்மாவின் இடுப்பில் இருந்தது. அம்மாவும் அந்த வட்டத்தில் அத்தையின் தோளில் கைபோட்டபடி அழுதுகொண்டிருந்தாள். எழுந்து போக முடியாது. அழுகையை நிறுத்தவும் முடியாது. ஒவ்வோர் அடியும் முடியும் இடத்தில் மற்ற பெண்கள் சேர்ந்து இழுத்து முடித்தார்கள். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுவதுபோல இருந்தது அது. எதிர்த் திண்ணையில் அப்பா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த பெரியவர்கள் வெற்றிலை மெல்வதை நிறுத்தியிருந்தார்கள்.

கருமாதி அன்று அப்பா வெற்றிலை பாக்கோடு ஒரு தட்டில் அந்தத் தோட்டை வைத்துத் தங்கை கையில் கொடுத்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. ஏன் கொடுத்தார் என்று யாரும் கேட்கவுமில்லை. கொஞ்ச காலம் கழித்து நான்தான் கேட்டேன். “பாட்டுல கேட்டதுக்கு வாயால பதில் சொல்ல முடியுமாடா? கையாலதான் சொல்லணும்” என்றார்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போல் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 1989இல். அதிலும் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்குப் பங்கு இல்லை என்று ஒரு வேலி இருந்தது. 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம்தான் அந்த வேலியை எடுத்தது. என் அத்தை ஒப்பாரி வைத்தது இவை எல்லாவற்றுக்கும் முன்னால். கோர்ட் படியேறுவது அவள் நினைப்பிலேயே இருந்திருக்காது. அவளுக்குத் தெரிந்த மன்றம் எழவு வீட்டு வாசல் ஒன்றுதான். அங்கே வாதிக்கு மட்டும்தான் வாய் உண்டு, பிரதிவாதிக்குக் கிடையாது. நியாயமான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வருஷம் முழுக்க வாய்மூடி இருந்தவளுக்கு ஒரு நாளாவது அப்படி ஒரு இடம் வேண்டியிருந்தது.

பின்னாளில் படிப்பு எனக்கு வேறொன்றைக் காட்டியது. 1930களில் யுகோஸ்லாவியாவில் எழுத்தறியாத பாடகர்களைப் பதிவு செய்த மில்மன் பாரியின் வேலையை, அவர் மாணவர் ஆல்பர்ட் லார்டு தொடர்ந்து செய்து 1960இல் நூலாகக் கொண்டுவந்தார். அந்தப் பாடகர்கள் ஆயிரக்கணக்கான அடிகளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கவில்லை. தயாராக இருக்கும் சொற்கட்டுகளைக் கொண்டு பாடும்போதே கட்டுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. படித்ததும் எனக்குப் பளிச்சென்று அத்தையின் முத்துப் பந்தலும் பவளத் திண்ணையும் புரிந்தன. அவை அலங்காரம் மட்டுமல்ல. மூச்சு வாங்கவும், அடுத்து என்ன கேட்கலாம் என்று யோசிக்கவும், கேட்டதைப் பொதுவான சோகத்துக்குள் ஒளித்து வைக்கவும் அவளுக்குக் கிடைத்த இடம். ‘நான் எங்கே அண்ணனைச் சொன்னேன், ஒப்பாரி அப்படித்தானே வரும்’ என்று பிறகு கைகழுவிவிடலாம். லார்டு பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்த்தார். எங்கள் தெருப் பெண்களிடம் கேட்டால் யார் காதில் விழுவதற்காகக் கட்டப்படுகிறது என்பதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். நிலம் நீச்சுள்ள பெரிய வீடுகளில் சாவு விழுந்தால் சேரியிலிருந்து பெண்கள் வந்து ஒப்பாரி வைப்பார்கள். தெருவோரத்தில் நின்றோ, வாசலுக்கு வெளியே உட்கார்ந்தோதான். அவர்கள் குரலுக்கு முன்னால் எங்கள் பெண்களின் குரல் நிற்காது. ஆனால் அவர்கள் பாட்டில் நான் ஒரு நாளும் குறை கேட்டதில்லை. புகழ்ச்சி மட்டும்தான். கூலி பாக்கி, அடி, வசவு எதுவும் வராது. ஒப்பாரி கொடுத்த உரிமை சொந்தக்காரிக்கு மட்டும்தான். அதுவும் வாசலுக்கு உள்ளே உட்காரும் சாதியில் பிறந்திருந்தால்.

கூத்திலும் இதே கணக்குதான். சித்திரையிலிருந்து ஆடி வரை எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறியிருக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பாரதம் படிக்கும் வழக்கத்துக்குத் தமிழ்நாட்டில் வயது அதிகம். காஞ்சிபுரம் அருகே உள்ள கூரம் ஊரின் செப்பேட்டின்படி, 7ஆம் நூற்றாண்டிலேயே பல்லவ மன்னன் பரமேசுவரவர்மன் மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாடு செய்திருக்கிறான். ஆனால் எங்கள் பெண்கள் பிரசங்கத்துக்குப் போனது செப்பேட்டைத் தெரிந்துகொண்டல்ல. வில்லி பாரதத்தை விரித்துப் பொருள் சொல்லிக்கொண்டே வரும் பிரசங்கியார், பங்காளிச் சண்டை வரும் இடத்தில் நிறுத்தி, உள்ளூர் வாய்க்கால் தகராறையோ வரப்புத் தகராறையோ பெயர் சொல்லாமல் இழுப்பார். சம்பந்தப்பட்டவர்கள் ரெண்டு பேரும் கூட்டத்தில்தான் இருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வரும்.

இரவில் அந்த வேலை கட்டியக்காரனுடையது. ராஜா வருகிறார் என்று அறிவிக்க வந்தவன், ராஜாவை விட்டுவிட்டு ஊரைப் பிடித்துக்கொள்வான். ஒரு கூத்தில், துரியோதனன் கொலுவுக்கு நூல் நிறுக்க வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கட்டியக்காரன் தராசில் கட்டை விரலை வைத்து அழுத்திக் காட்டினான். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நூல் முதலாளி ஒருவர் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். வேறென்ன செய்ய முடியும்? கோபித்துக்கொண்டால் தான்தான் அந்த விரல் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மறுநாள் காலையில் அதே கட்டியக்காரன் வேஷம் கலைத்து, அதே முதலாளி வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று அன்பளிப்பு வாங்கிக்கொண்டதையும் பார்த்தேன்.

படுகளம் அன்று நடப்பதை நேரில் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மண்ணால் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிதாகத் துரியோதனனைத் தரையில் மல்லாத்திச் செய்திருப்பார்கள். வெயிலில் வீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடி, மேலே ஏறி, கடைசியில் தொடையில் அடி விழும். அந்தத் தொடையிலிருந்து எடுக்கும் சிவப்பைத் தடவித்தான் திரௌபதி கூந்தலை முடிவாள். அதன் பிறகு துரியோதனன் பொண்டாட்டி பெருந்திருவாள் முறமும் துடைப்பமுமாக வந்து விழுந்து அழுவாள். ஒப்பாரிதான். வேஷம் கட்டியிருப்பவர் ஆண், மீசை மழித்த கருநிழல் அரிதாரத்துக்கு மேல் தெரியும். ஆனாலும் சுற்றி நிற்கும் பெண்கள் அவரோடு சேர்ந்து அழுவார்கள். அவரவர் வீட்டு அழுகையை அங்கே வைத்து அழுவதற்கு வசதியாக இருந்தது. தோற்றவன் பொண்டாட்டிக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கிய ஊரை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். செஞ்சிப் பக்கம் சுற்றித் திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988லிருந்து பெரிய பெரிய நூல்களாக எழுதியிருக்கிறார். அவர் எழுதியதில் பெருந்திருவாளின் முறமும் உண்டு.

கர்ண மோட்சம் எங்கள் பக்கம் கருமாதி வீடுகளிலும் போடுவார்கள். அதில் கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவி வருவாள். வியாசருக்குத் தெரியாதவள், கூத்துக்குச் சொந்தக்காரி. பிறப்பு இன்னதென்று தெரியாதவனைக் கட்டிக்கொண்டோமே என்று புருஷனை அண்டவிடாதவள். போருக்குக் கிளம்புகிறவன் அவளிடம் சொல்லிக்கொண்டு போக வரும்போது கதவை அடைப்பாள். சாதி பற்றி ஊரில் யாரும் வெளிப்படையாகப் பேசாததை எல்லாம் அந்த ஒரு கதவு பேசும். கர்ணனுக்காக அழாத ஆள் கூட்டத்தில் கிடையாது. அழுதுவிட்டு விடியலில் எழுந்து போகும்போது, சேரிக்காரர்கள் தனியாக உட்கார்ந்த இடத்திலிருந்து தனியாக எழுந்து போவார்கள். 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித்துகளை உள்ளே விட மறுத்த தகராறில், தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலை அதிகாரிகள் பூட்டிச் சீல் வைத்தார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. கர்ணனுக்காக அழுவதும் வாய்மொழியாகத்தான் வந்தது. யார் எங்கே நிற்க வேண்டும் என்பதும் அப்படித்தான் வந்தது. எந்தக் கோயில் சுவரிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதியிருந்தால் அழிப்பது எளிது.

வாய்மொழி எப்போதும் பெரிய மனிதர் பக்கம் நின்றது என்றும் சொல்லிவிட முடியாது. பக்கத்து வடலூரை எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குச் சோதி பார்க்க ஜனம் எங்கள் ஊர் வழியாகத்தான் நடந்து போகும். 1867இல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அவரைப் பற்றி எங்கள் தெருவில் சொல்லாத கதை கிடையாது. கருங்குழியில் தண்ணீரில் விளக்கெரித்தது ஒன்று. மஞ்சக்குப்பம் கோர்ட் கதை இன்னொன்று. ஆறுமுக நாவலர் அருட்பாவை மருட்பா என்று வழக்குப் போட்டார். வள்ளலார் உள்ளே நுழைந்ததும் கோர்ட்டில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். நாவலரே எழுந்து நின்றுவிட்டார். எதிரியே எழுந்து நிற்கும்போது வழக்கு எதற்கென்று நீதிபதி தள்ளிவிட்டார். கதை இதுதான். அருட்பா, மருட்பா கண்டனங்களைத் தேடித் தொகுத்தவர் ப. சரவணன். அந்த ஆவணங்களின் வழியே பார்த்தால் 1869இல் நடந்த வழக்கு இவ்வளவு நேரானதல்ல. சிதம்பரம் கோயிலில் நடந்த கூட்டத்தில் தன்னை இழிவாகப் பேசினார்கள் என்ற நாவலரின் புகார் அது.

நான் காகிதத்தின் பக்கம்தான். நடந்தது எது என்று கேட்டால் ஆவணத்தைத்தான் காட்டுவேன். ஆனால் ஊர் அந்த வழக்கிலிருந்து எதைப் பிடுங்கி வைத்துக்கொண்டது பாருங்கள்: தீர்ப்பை அல்ல, எழுந்து நின்றதை. பெரிய வீட்டுக்காரர் தெருவில் வந்தால் தறிக்குழியிலிருந்து எழுந்து நிற்க வேண்டியிருந்த மக்கள் அவர்கள். படிப்பும் பீடமும் இல்லாத ஒருவருக்காக, பெரும் பண்டிதர் எழுந்து நின்றார் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்கள். அந்தக் கதையை என் தாத்தா சொல்லும்போது எழுந்து நின்றே சொல்வார்.

இப்போது எங்கள் தெருவில் தறிச் சத்தம் குறைந்துவிட்டது. எழவு வீட்டில் ஃபிரீசர் பெட்டி வந்து, ஒப்பாரிக்கு மைக் செட்டோடு ஆள் வந்துவிடுகிறது. பாடுகிறவர்கள் நன்றாகவே பாடுகிறார்கள். அவர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் செத்தவர் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு பாடுகிறவருக்குச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? சொந்தக்காரப் பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார்கள். சில மாதம் கழித்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. கேட்க வாய்தான் இல்லை. என் அத்தைக்கு இது தலைகீழாக இருந்தது.

கூத்தையும் ஒப்பாரியையும் பதிவு செய்கிற வேலை நடக்காமல் இல்லை. 1964இல் நா. வானமாமலை தொகுத்த தமிழர் நாட்டுப்பாடல்கள் தொடங்கி எவ்வளவோ வந்திருக்கின்றன. விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லைக்காரர் கண்மணி குணசேகரன், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே, 2007இல் நடுநாட்டுச் சொல்லகராதி கொண்டுவந்தார். பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டிய வேலை. எங்கள் மல்லாட்டைக்கும் மரியாதை செய்த நூல். ஆனால் பல தொகுப்புகளில் ஒப்பாரி என்றால் தாயை இழந்தவள் பாடியது, கணவனை இழந்தவள் பாடியது என்று தலைப்புப் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். இப்போது செல்போனில் எடுத்து யூடியூபில் போடுகிறவர்களோ அந்தத் தலைப்பைக்கூடப் போடுவதில்லை.

உங்கள் வீட்டில் ஒப்பாரியோ, கும்மியோ, ஊர்க்கதையோ தெரிந்த ஒரு அம்மாயியோ அத்தையோ இன்னும் இருந்தால், பாட்டை மட்டும் பிடித்து வைக்காதீர்கள். யார் செத்ததற்குப் பாடியது, எதிர்த் திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தார்கள், பாடியதால் கிடைத்தது என்ன, யாருக்கு அங்கே பாட இடம் கொடுக்கப்படவில்லை என்று கேட்டு எழுதி வையுங்கள். முதலில் ‘அதெல்லாம் எதுக்கு’ என்பார்கள். விடாமல் கேளுங்கள், சொல்வார்கள்.